படம் நின்ற இடம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். கேட்டவர்களுக்கு ஒன்று மறந்துபோயிருக்கிறது. நான் ஒருநாளும் ட்ரோன் பறக்கவிட்டவள் இல்லை. அதன் விசிறிச் சத்தம் கேட்டாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். பறந்து முடிந்து வந்த படங்களைக் கணினியில் திறந்து, ஒன்றோடொன்று சேர்த்து, வரைபடமாக்கிக் கொடுப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. அதற்கு முன்னால் பாதி ஆயுளை டிரேசிங் தாளிலும் மையிலும் கழித்தவள். ஆகவே பறப்பதைப் பற்றி என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். உட்கார்ந்த இடத்தில் தெரிந்துகொண்டதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். படத்தைத் திறந்த உடனே பெரிதாக்குகிறீர்கள். கூரை தெரிகிறதா, வரப்பு தெரிகிறதா, தென்னை எத்தனை என்று மூக்கு திரையில் முட்டும்வரை போகிறீர்கள். அந்தப் படம் தன்னைப் பற்றிச் சொல்வதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ட்ரோன் எடுக்கும் ஒவ்வொரு படமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. படம் எடுத்தபோது ட்ரோன் வானத்தில் எந்த இடத்தில் நின்றது, கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, கேமரா எவ்வளவு குனிந்திருந்தது, எந்தத் திசையைப் பார்த்தது, அப்போது மணி என்ன, எல்லாம் அதற்குள் இருக்கும். நீங்கள் மெட்டாடேட்டா என்பீர்கள். நாங்கள் உள்விவரம் என்போம். வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்த மூட்டை வழியிலேயே விழுந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் சேதாரமில்லாமல் போய்ச் சேரும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவனுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. ஒத்தக்கடையிலிருந்து டவுன் பஸ்ஸில் ட்ரோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவான். கூட்டத்தில் யாராவது பெட்டிமேல் கை வைத்துவிட்டால் அன்று முழுக்க அதைப் பற்றியே புலம்புவான். என்னை அக்கா என்று கூப்பிட்டான். உங்கம்மா வயசுடா எனக்கு என்றால், “அம்மான்னு கூப்ட்டா அதட்டுவீங்க. அக்கான்னா கொஞ்சம் பொறுத்துப் போவீங்க” என்பான். நானும் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இங்கேயும் தம்பியாகவே இருக்கட்டும்.

முதல் வாரத்தில் நானும் உங்களைப்போலத்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“படத்துல என்ன தெரியுதுன்னு அப்பறம் பாப்பம்க்கா. படம் எங்க நின்னுச்சுன்னு மொதல்ல பாருங்க.”

“படம் எங்கடா நிக்கும்?”

“நம்ம எங்கயாச்சும் நின்னுதான ஒண்ணப் பாக்குறோம். அது மாதிரிதான். அது நின்ன எடம் தெரியாட்டி, பாத்த எடமும் தெரியாது.”

அன்றைக்கு இதை ஏதோ வாத்தியார் பேச்சு என்று தள்ளிவிட்டேன். பிறகு அவனே ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்ட நாளில்தான் இதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கண்மாயை அளந்தோம். எவ்வளவு மண் மேடேறியிருக்கிறது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு நாள் பறந்தான். நான் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் கண்மாயில் பாதி ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிறது, மறுபாதி பள்ளத்தில் கிடக்கிறது. நடுவில் சுவர் வைத்ததுபோல ஒரு கோடு. மதியம் பொறியாளர்கள் வருகிறார்கள். மேலாளர் கேமராவைத் திட்டினார், மென்பொருளைத் திட்டினார், கடைசியில் என்னையும் திட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தம்பி மட்டும் நிதானமாக டீ குடித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

“அக்கா, மொத நாள் நான் எங்கிட்டு நின்னு பறக்க விட்டேன்?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கதான இருந்தேன்.”

“அதான் தப்பு. எனக்கே நெனச்சுப் பாத்தாத்தான் தெரியுது. மொத நாளு மலையடிவாரத்துப் பாறை மேல வச்சுக் கெளப்புனேன், நெழலா இருக்குன்னு. ரெண்டாம் நாளு கரையில வச்சுக் கெளப்புனேன். ரெண்டு நாளும் நாப்பது மீட்டர்னுதான் காட்டுச்சு. ஆனா எதுலேருந்து நாப்பது?”

படத்துக்குள் எழுதியிருக்கும் உயரம் தரையிலிருந்து அல்ல, ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து. பாறையின் உயரத்தைச் சரிசெய்த உடனே கண்மாய் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டது. மேலாளர் திட்டியதை வாபஸ் வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

அன்றிலிருந்து தம்பி ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். ட்ரோனைக் கிளப்புகிற இடத்தில், அது தரையில் இருக்கும்போதே முதல் படம் ஒன்று எடுத்துவிடுவான். கேமராவுக்கு எதிரே தன் கால்களை வைத்துக்கொள்வான். எந்தத் தரையில் நின்றான் என்பதற்கு அதுதான் சாட்சி. அதற்குப் பிறகு எந்த நாளின் படங்களைத் திறந்தாலும் எனக்கு முதலில் அவன் கால்கள்தான் தெரியும். கோச்சடையில் ஆற்று மணலில் நிற்கும் கால்கள், கரிசல் ஒட்டிய கால்கள், கல்குவாரித் தூசியில் வெளுத்த கால்கள். இடது செருப்பின் வாரை நீல நூலால் தைத்திருப்பான். புதுச் செருப்பு வாங்கு என்று நான் சொல்லாத நாள் இல்லை.

பிறகு அவனுக்கு வளைகுடாப் பக்கம் நல்ல வேலை கிடைத்தது. போய்விட்டான். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சொல்லவில்லை. அவன் போன பிறகு வந்தவர்களும் நன்றாகத்தான் பறக்கவிட்டார்கள். ஆனால் காலையில் படங்களைத் திறந்தால் முதல் படத்திலேயே வயலோ கூரையோ வந்துவிடும். கால்கள் இருக்காது. அந்த இடத்தில் தினமும் என் கை ஒரு நொடி நிற்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. அவன் இல்லாத அலுவலகம் எனக்கு வெறிச்சென்று இருந்தது, பிள்ளை வெளியூர் போன வீடுபோல.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலையில் ஒரு பாயும் அவர் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். பாய்க்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை முழுக்கைச் சட்டை. ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மகள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே சுற்றிச் சுற்றி யாரையோ தேடினாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாளாம்.

“ட்ரோன் விடுற அந்த அண்ணே இல்லையா மேடம்?”

அவன் வெளிநாடு போய்விட்டான் என்றேன். இரண்டு பேர் முகமும் விழுந்துவிட்டது. உட்காரச் சொன்னேன். அவளே விஷயத்தைச் சொன்னாள்.

ஊரடங்கு நேரத்தில் அவள் அம்மா மாரடைப்பில் இறந்திருக்கிறார். அத்தா, அதாவது அப்பா, சவுதியில் இருந்தார். விமானம் ஓடவில்லை. அடக்கத்துக்கு நாலைந்து ஆண்களை மட்டும் உள்ளே விட்டார்கள். இவர்கள் வீட்டுப் பெண்கள் மையவாடி என்னும் அடக்கத்தலத்துக்குள் போகும் வழக்கமில்லை. ஆக, கட்டிய கணவரும் பார்க்கவில்லை, பெற்ற மகளும் பார்க்கவில்லை. அந்த நாட்களில் தெருவில் கூட்டம் கூடுகிறதா என்று பார்க்கப் போலீஸ்காரர்கள் எங்கள் ட்ரோன்களைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். தடுப்பு வைத்திருந்த தெருமுனையில் தம்பி நின்றிருக்கிறான். இவள் ஓடிப்போய் அவனிடம் கேட்டிருக்கிறாள்.

“அண்ணே, அந்தப் பக்கம் பறக்குமா? எங்கம்மாவ இப்பத்தான் கொண்டு போறாக. எங்கத்தா பாக்கணும்னேன். அவரு வேற ஒண்ணுமே கேக்கல மேடம். சரி தங்கச்சி, நீ வீட்டுக்குப் போ, நம்பர மட்டும் சொல்லுன்னாரு. சாயங்காலம் படம் வந்துச்சு. டாக்குமெண்டா அனுப்பிட்டு, இத அப்படியே வச்சுக்கம்மா, போட்டோவா மாத்தி அனுப்பாதன்னு எழுதியிருந்தாரு.”

அதன் பிறகும் பாயால் வர முடியவில்லை. வேலை பார்த்த கம்பெனி மூடியது, விசா சிக்கலானது, வருஷங்கள் போய்விட்டன. இப்போதுதான் வந்திருக்கிறார். வந்து பார்த்தால் மையவாடி அடையாளமே தெரியவில்லை. அவர்கள் ஜமாஅத்தில் கபர்க் குழிமேல் கட்டி எழுப்பும் பழக்கமில்லை, மண்தான். ஊரடங்கில் அடையாளத்துக்கு நடும் மீசான் கல் கிடைக்காமல் தலைமாட்டில் ஒரு பலகையை நட்டிருக்கிறார்கள். அது கரையான் அரித்துப் போய்விட்டது. குழி வெட்டியவரும் காலமாகிவிட்டார். கூடப் போன உறவினர்கள் ஆளுக்கு ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். படத்தை வைத்துப் பார்க்கலாம் என்றால், அதில் இருந்த மரங்களையும் பழைய சுற்றுச்சுவரையும் எடுத்துவிட்டுப் புதுச்சுவர் கட்டியிருக்கிறார்கள்.

“அப்பத்தான் எனக்கு அண்ணே சொன்னது ஞாபகம் வந்துச்சு. படத்த அமுக்குனா லொக்கேஷன் காட்டுது மேடம். மேப்ல அப்படியே புள்ளி வச்சுக் காட்டுது. அத்தா கையில போனக் குடுத்து அனுப்புனேன்.”

“தெனமும் விடியக்கால சுபுஹு தொழுதுட்டு நேரா அங்கதாம்மா போறேன்” என்றார் பாய். “உக்காந்து யாசீன் ஓதிட்டு, கொஞ்ச நேரம் பேசிட்டு வாரேன். இத்தன வருசம் பேசாதது பேசணும்ல. நாளை மறுநாள் ஃபிளைட்டு. போறதுக்குள்ள அந்தத் தம்பியப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்.”

மகளின் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அம்மாவின் அடக்கத்தைப் பார்க்க முடியாத பெண், அப்பாவுக்கு அம்மா இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். நானும் சந்தோஷத்தில், அந்தப் படத்தைக் காட்டும்மா, எனக்கும் அனுப்பு என்றேன். பழக்கதோஷத்தில் கணினியில் திறந்து, படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உள்விவரத்தைப் பார்த்தேன்.

கேமராவின் சாய்வு முப்பத்தைந்து பாகை என்று இருந்தது. நேர் கீழே பார்த்திருந்தால் தொண்ணூறு இருக்க வேண்டும். இது சாய்ந்து, தூரத்தில் இருப்பதைப் பார்த்து எடுத்த படம். துக்கம் நடக்கும் இடத்துக்கு நேர் மேலே போய் விசிறிச் சத்தம் போடக் கூடாது என்று தம்பி ட்ரோனை மையவாடியின் இன்னொரு பக்கத்தில் தள்ளி நிறுத்தி எடுத்திருக்கிறான். படத்தில் இருக்கும் இடக்குறிப்பு ட்ரோன் நின்ற இடத்தைச் சொல்கிறது. அது பார்த்த கபர் அங்கே இல்லை. பாய் இத்தனை நாளாக உட்கார்ந்து ஓதிய இடத்தில் அவர் மனைவி இல்லை.

பிள்ளைகளே, வேலையில் நெருக்கடி என்றால் கெடு, கோபக்கார மேலாளர், பழுதான கருவி என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு வந்த நெருக்கடிகளிலேயே பெரியது பேரீச்சம்பழப் பெட்டியோடு எதிரே உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதர் நிம்மதியாக விமானம் ஏறுவார். மகள் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போவாள். சொன்னால், அப்பா எதிரிலேயே அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போட்டதாகிவிடும். டீ வரவழைத்தேன். டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒன்று தோன்றியது. தம்பி இந்தப் படத்தைச் சாதாரணமாக அனுப்பியிருந்தால் உள்விவரம் அன்றே உதிர்ந்துபோயிருக்கும். அவன் மெனக்கெட்டு டாக்குமெண்டாக அனுப்பியிருக்கிறான். என்றைக்காவது ஒருநாள் யாராவது இடத்தைத் தேடி வருவார்கள் என்று நினைத்துத்தான் செய்திருக்கிறான். அவன் அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்ததை மறைத்து வைத்துக்கொள்ள நான் யார்?

ஆனாலும் உடனே சொல்லவில்லை. இதை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பு என்று மட்டும் சொல்லி ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தக் கூடாது. சரியானது எது என்று கையில் வைத்துக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். ஒரு சின்ன வேலை இருக்கிறது, கொஞ்சம் இருங்கள் என்று அவர்களை முன்னறையில் உட்காரவைத்துவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

உயரமும் சாய்வும் திசையும் தெரிந்தால் படத்தின் நடுப்புள்ளி தரையில் எங்கே விழும் என்று போட்டுவிடலாம். தம்பி எதை எடுத்தாலும் அதைப் படத்தின் நடுவில் வைப்பவன். இதிலும் கபர் நட்டநடுவில்தான் இருந்தது. விடை வந்தது. எழுந்திருக்கப் போனேன். அப்போது கண்மாய் ஞாபகம் வந்தது. எதுலேருந்து நாப்பது என்று அவன் கேட்டது மறுபடியும் காதில் விழுந்தது. அந்த நாளின் படங்கள் முழுவதும் நம் சேமிப்பில் இருந்தன. திறந்தேன்.

முதல் படத்தில் அவன் கால்கள்.

நீல நூல் தைத்த செருப்பு. அதற்குக் கீழே தட்டோடு பதித்த தரை, ஓரத்தில் சேலைமேல் காயப்போட்ட வத்தல். தெருவில் நின்று பறக்கவிடவில்லை, ஏதோ ஒரு மொட்டை மாடியில் நின்றிருக்கிறான். அவனைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. கணக்கை மறந்து அந்தக் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கியது. அவன் பக்கத்து நாற்காலியில் இருந்திருந்தால், அழுகுறதுக்கா சம்பளம் குடுக்குறாங்க என்று கேட்டிருப்பான்.

முன்னறைக்குப் போய் மகளிடம் அந்தப் படத்தைக் காட்டி, இது யார் வீட்டு மாடி தெரியுமா என்று கேட்டேன். வரைபடத்தில் அதன் இடத்தையும் காட்டினேன்.

“மளிகைக்கடைக்காரர் வீடு மேடம், அடுத்த தெரு. கடை கீழ, ரெண்டு மாடி மேல. எதுக்குக் கேக்குறீங்க?”

மாடியின் உயரத்தையும் சேர்த்துப் போட்டபோது நடுப்புள்ளி இன்னும் நாலைந்து கபர் தள்ளிப் போனது. கால்களைப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் இன்னொரு தப்பான இடத்தைக் காட்டியிருப்பேன்.

பிறகு இரண்டு பேரையும் என் மேஜைக்கு வரவழைத்துச் சொன்னேன். ஒரு தாளில் படம் போட்டே சொன்னேன். இங்கே ட்ரோன், இங்கே அம்மா, நடுவில் இவ்வளவு தூரம். போனில் தெரியும் புள்ளி ட்ரோனுக்கு நேர் கீழே இருக்கும் இடம். கேமரா சாய்ந்திருந்தது போனில் தெரியாது, படித்தவர்கள் எல்லாருமே இதில் ஏமாறுவார்கள்.

மகள் டீச்சர் ஆயிற்றே, கணக்கு அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் வெளுத்துவிட்டது.

“அத்தா, நாந்தான் தப்பாக் காட்டிட்டேன். இத்தன நாளும் உங்கள வேற யாரு பக்கத்துலயோ உக்கார வச்சுட்டேன்.”

பாய் நான் வரைந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன். பிறகு அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓதுனது வீணாப் போகாதும்மா. அங்க படுத்திருக்கவுகளுக்கு வந்து ஓத ஆளில்லாம இருந்திருக்கும். அதுக்காக அல்லாஹ் என்னைய அனுப்பியிருப்பான்.” என் பக்கம் திரும்பினார். “உங்களால எங்ககூட வர முடியுமாம்மா?”

சாயங்கால அஸர் தொழுகை முடிந்த பிறகு மூன்று பேரும் ஓர் ஆட்டோவில் போனோம். மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நானும் அவளோடு நின்றுகொண்டேன். பாய் மட்டும் உள்ளே போனார். அவர் தன் போனிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்த லொக்கேஷன் மகளின் போனில் நகரும் புள்ளியாகத் தெரிந்தது. என் கையில் இருந்த டேப்லெட்டில் தம்பி எடுத்த படம். நான் மகளின் போனிலேயே அவரோடு பேசினேன்.

“நேரா வாங்க பாய். இன்னுங் கொஞ்சம். இப்ப வலது கைப்பக்கம் திரும்புங்க. தண்ணித் தொட்டி தெரியுதா?”

“தெரியுதும்மா.”

படத்தில் இருந்தவற்றில் மாறாமல் மிஞ்சியிருந்தது கை கால் கழுவும் அந்தத் தொட்டி ஒன்றுதான். கணக்குச் சொன்ன இடமும் தொட்டியின் மூலையிலிருந்து படம் காட்டிய தூரமும் பொருந்தின. அவர் புள்ளி அங்கே வந்து சேர்ந்தது. நிற்கச் சொன்னேன்.

“அங்க என்ன இருக்கு பாய்?”

“புல்லு மொளைச்சிருக்கு. லேசா மேடா இருக்கு. பக்கத்துல புதுசா ஒரு கபர் இருக்கு.”

“இந்தக் கருவிக்கு ரொம்பத் துல்லியம் கெடையாது பாய். இதேதான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஒரு கட்டில், ரெண்டு கட்டில் அகலம் அங்கிட்டு இங்கிட்டு இருக்கலாம்.”

“பரவால்லம்மா” என்றார். “பக்கத்துலதான இருக்கா.”

போனை அணைக்காமலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. ஓதுவது எங்களுக்குக் கேட்டது. மகள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்து அழுதாள். அவளுக்கும் இது ஒருவகையில் அடக்கம்தான். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஓதி முடித்ததும் அவர் வாசலுக்கு வருவார் என்று பார்த்தோம். வரவில்லை. புள்ளி வேறு பக்கம் நகர்ந்தது. மெதுவாகப் போய், இத்தனை நாளும் அவர் உட்கார்ந்திருந்த அந்தப் பழைய இடத்தில் போய் நின்றது. மகள் பதறிவிட்டாள்.

“அத்தா, அங்க இல்லத்தா. பழைய எடத்துக்கே போயிட்டீங்க.”

“தெரியும்மா” என்றது குரல். “மேடம் இருக்காகளா?”

“சொல்லுங்க பாய்.”

“அந்தத் தம்பி படம் எடுத்தது இந்த எடத்துலேருந்துதான?”

“ஆமா. உங்க தலைக்கு நேர் மேலேருந்து.”

பையிலிருந்து போனை எடுத்தார் போலிருக்கிறது, குரல் கிட்டத்தில் கேட்டது.

“ரூம்ல எட்டுப் பேரும்மா. எல்லாரும் தூங்குனப்பறம் போர்வைக்குள்ள போன வச்சுக்கிட்டு இந்தப் படத்தத்தான் பாப்பேன். ஒருநாளு விட்டதில்ல. அப்ப இத்தன வருசமா இந்த எடத்துல நின்னுதான நான் அவளப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.” குரல் உடைந்தது. “ஜெய்னம்புவ அடக்கம் பண்ணயில நீ எங்கய்யா இருந்தன்னு என்னைய யாராச்சும் கேட்டா, சொல்றதுக்கு எடமில்லாம இருந்துச்சு. இனிமே இதக் காட்டுவேன். நான் இங்க நின்னேன்.”

மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் டேப்லெட்டை அணைத்துவிட்டேன். படம் நின்ற இடத்தைப் பார் என்று சொன்னவனுக்கே இது தெரிந்திருக்காது. நானும் அதுவரை அதை எண்களாகத்தான் பார்த்திருந்தேன்.

பாய் சொன்ன நாளில் விமானம் ஏறினார். பேரீச்சம்பழத்தைத் தம்பிக்கு அனுப்ப முடியவில்லை. அவன் இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமுமில்லை என்று அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து தின்று தீர்த்தோம். அவனைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். கால் படத்தில் மாடியைக் கண்டுபிடித்ததைச் சொன்னபோது சிரித்தான். பாய் கடைசியில் சொன்னதைச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது.

“அக்கா” என்றான். “நான் அப்பறம் கூப்புடுறேன்க்கா.”

கூப்பிடவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், மாலையும் சால்வையுமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது அவனிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. வெறும் மணல், அதில் இரண்டு கால்கள். புதுச் செருப்பு. டாக்குமெண்டாக அனுப்பியிருந்தான்.